எருக்கலைக்குக் கட்டின தாலி

பெண்ணைப் பார்த்துப் பெண் பொறாமைப்படுவது ஊரில் புதினமில்லை. செத்துப்போன மூத்தாளின் படத்தைப் பார்த்து வயிறெரிந்தவர்கள்கூட இருக்கிறார்கள். ஆனால் தோட்டக்கரையில் நின்ற ஒரு எருக்கலைப் பற்றையால், வெறும் எருக்கஞ்செடியால், ஒருத்திக்கு நித்திரை கெட்டது என்றால், அது புத்தூர் தயாளினிக்கு மட்டும்தான். சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். அவளும் முதலில் சிரித்தவள்தான்.

தயாளினி கீரிமலையில் பிறந்தவள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே சண்டை வந்து, தாய் தகப்பனோடும் தமையனோடும் ஊரை விட்டு வெளிக்கிட்டாள். அந்தப் பக்கம் முழுக்க முட்கம்பி அடித்து ஆமிக்காரன் இருந்துவிட்டான். தாயும் தகப்பனும் கோப்பாயில் ஒரு வாடகை வீட்டிலேயே கண்ணை மூடினார்கள். தமையன் கலியாணம் கட்டினான். அவள் தமையன் வீட்டுக் குசினிக்குள் அடுப்படியில் நின்றாள். வந்த சம்பந்தங்களில் ஒன்று சாதகத்தால் தட்டிப்போனது, ஒன்று சீதனத்தால், மிச்சமெல்லாம் வயதால். நாற்பதைத் தாண்டியபோது தமையன் பெண்சாதி அவள் காதுபடவே, “இனி உவவை ஆர் கேக்கப்போகினம்” என்று கதைக்கத் தொடங்கிவிட்டாள்.

ஒருநாள் ஆமிக்காரர் காணிகளைத் திருப்பி விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆசையோடு கீரிமலைக்குப் போனாள். வீட்டின் சுவர் அரைவாசி நின்றது. கூரை இல்லை. தாய் அடுப்பு வைத்திருந்த இடத்தில், சீமெந்து நிலத்தை வெடிக்கப்பண்ணிக்கொண்டு ஒரு எருக்கலை நின்றது. அவளுடைய உயரத்துக்கு நின்றது. பூத்து வேறு இருந்தது. எங்கள் ஊரில் ஒருவரைச் சபிப்பதென்றால், “உன்ரை வளவிலை எருக்கலை முளைக்க” என்று மண்ணை அள்ளித் திட்டுவார்கள். யாரும் திட்டாமலே தன் வீட்டில் முளைத்திருக்கிறதே என்று அவள் அந்த இடத்திலேயே குந்தியிருந்து அழுதாள். அன்றிலிருந்து எருக்கலை என்ற பேரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் பிரகலாதனுடைய சம்பந்தம் வந்தது.

பிரகலாதன் புத்தூரில் தோட்டம் செய்கிறவன். ஐம்பதைத் தாண்டிய ஆள், நல்ல உடம்பு, குடி வெறி ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு குறை, இரண்டு பெண்சாதிமாரைப் பறிகொடுத்தவன். முதலாமவள் யோகமலர், வன்னிக்கு இடம்பெயர்ந்திருந்த நேரம் மலேரியாக் காய்ச்சலில் போனாள். இரண்டாமவள் சுபாஜினி, வயிற்றில் கட்டி என்று கொழும்பு வரைக்கும் கொண்டுபோய்க் காட்டியும் தப்பவில்லை. பிள்ளைகள் இல்லை. தம்பி தனியக் கிடந்து சமைத்துச் சாப்பிடுகிறானே என்று அவனுடைய தமக்கை மீனாம்பிகைதான் கோப்பாய்க்கு வந்து பெண் கேட்டாள்.

சாதகங்களைப் பார்த்த சிவக்கொழுந்துச் சாத்திரியார், பொருத்தம் எல்லாம் திறம் என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“மூண்டாம் தாரம் நிலையாது. அது பெண்ணின்ரை பிழையில்லை, மாப்பிள்ளையின்ரை சாதகம் அப்பிடி. அவர் முதல் ஒரு எருக்கலைக்குத் தாலியைக் கட்டட்டும். கட்டிப்போட்டு அதை வெட்டி எறியட்டும். மூண்டாவது அதோடை போயிடும். பிள்ளை நாலாவதா வருவா. ஒரு குறையும் வராது.”

இது பழைய வழக்கம்தான். மூன்றாம் தாரம் கட்டுகிறவன் முதலில் செடிக்குக் கட்டி, வரவேண்டிய சாவைச் செடியின் தலையில் போட்டுவிட்டு வருவான். தயாளினி கேட்டுச் சிரித்தாள். நாலாம் தாரமாகப் போகிறோம் என்று சந்தோசப்பட்ட பெண்ணை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். அவள் சந்தோசப்பட்டாள். தனக்கென்று ஒரு குசினி, ஒரு மனிசன். அவளுக்கு அது போதும். அதோடு தன் வீட்டைத் தின்ற செடி தனக்காகச் சாகப்போகிறது என்பதிலும் அவளுக்கு ஒரு திருப்தி.

கலியாணத்தன்று விடிய, பிரகலாதன் தன் தோட்டத்துக் கிணற்றடியில் நின்ற எருக்கலைக்குச் சிவப்புப் பட்டுத் துண்டைச் சுற்றினான். ஐயர் மந்திரம் சொல்ல, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோத்துத் தாலியாகக் கட்டினான். வெட்டுவதற்குக் கத்தியும் கொண்டுதான் போயிருந்தார்கள். அதற்குள் கோயிலில் முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவன் அவசரப்பட்டு, “பேந்து வெட்டுவம்” என்று சொல்லி வான் வண்டியில் ஏறிவிட்டான். பிறகு பார்ப்போம் என்ற இந்தப் ‘பேந்து’தான் எல்லா வினைக்கும் காரணம்.

கலியாணத்துக்குப் பிறகு தயாளினிக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டு நிலத்துக்கு மாபிள் கல் பதித்திருந்தது. குசினியில் அவள் வைத்த சாமான் வைத்த இடத்தில் இருந்தது. சுவரில் யோகமலரும் சுபாஜினியும் படமாக இருந்தார்கள். வளவில் பூத்த நந்தியாவட்டையை அவளே மாலை கட்டி இரண்டு பேருக்கும் போட்டாள். செத்தவர்களோடு எனக்கென்ன போட்டி, பாவங்கள், என்று நினைத்தாள். அவ்வளவு பெரிய மனது அவளுக்கு அப்போது இருந்தது.

மனிசனும் நல்லவன்தான். ஆனால் வாய் திறக்க மாட்டான். விடியத் தோட்டத்துக்குப் போவான், மத்தியானம் வருவான், சாப்பிடுவான், படுப்பான், திரும்பப் போவான். “கறிக்கு உப்புக் காணுமோ?” என்றால் “ஓம்.” “இன்னும் கொஞ்சம் போடட்டோ?” என்றால் “போதும்.” வெளிக்கிடும்போது “வாறன்.” இவ்வளவுதான். அவளை நீர் என்றுதான் கூப்பிடுவான், அரசாங்கக் கச்சேரியில் அலுவல் பார்க்கப் போனவன் கிளாக்கரோடு கதைக்கிற மாதிரி. தயாளினி அதையும் பொறுத்துக்கொண்டாள். கூச்சம், வயதுபோன பிறகு கட்டினது, மெல்ல மெல்லச் சரிவரும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் பின்னேரம் அவனுக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். பீற்றூட் பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. கிணற்றடியில், வாய்க்கால் தொடங்குகிற இடத்தில், நெஞ்சளவு உயரத்துக்கு எருக்கலை நின்றது. பட்டுத் துண்டு வெயிலில் வெளிறிப்போயிருந்தது. மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது. கட்டின பிறகு தண்டு பருத்து, தாலி இறுகிப்போயிருந்தது. புருசன் வீட்டுச் சாப்பாடு நல்லாய் ஒத்துக்கொண்ட பொம்பிளை மாதிரி இருந்தது அதன் வாளிப்பு.

“இஞ்சாருங்கோ, உதை இன்னும் வெட்டேல்லையே?”

“பேந்து வெட்டுவம்” என்றான் அவன், தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு.

அவள் திரும்பி வரப்புவழியே வந்தாள். கொஞ்சத் தூரம் வந்து ஏதோ நினைவில் திரும்பிப் பார்த்தாள். பிரகலாதன் வாளியில் தண்ணீர் அள்ளி எருக்கலையின் அடியில் ஊற்றிக்கொண்டிருந்தான். எருக்கலைக்கு யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா? பாலைவனத்தில் விட்டாலும் நிற்கிற சாதி அது. மழை காணாத கல்லுத்தரையிலும் பச்சையாய் நிற்கும், ஆடும் வாய் வைக்காது. அதுக்கு வாளித் தண்ணீர்! அது மட்டுமில்லை. அவனுடைய வாய் அசைந்தது. கையை ஆட்டி, தலையை ஆட்டி, அவன் எருக்கலையோடு கதைத்துக்கொண்டிருந்தான். நடுவில் சிரிக்கவும் செய்தான்.

தயாளினியின் கலியாணத்தில் கூட அவன் சிரிக்கவில்லை. படமெடுக்கிற பெடியன் கெஞ்சியும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு அது செடியில்லை, அவள். ஒரு மல்லிகை என்றாலும் மனம் ஆறியிருக்கும். செவ்வரத்தை என்றாலும் பரவாயில்லை. போயும் போயும் இந்தக் குப்பைமேட்டுச் சிறுக்கியோ என்று குசினிக்குள் நின்று பல்லைக் கடித்தாள். என்ரை வீட்டைப் பிடிச்சாய், அடுப்படியைப் பிடிச்சாய், கடைசியில் கிடைத்த ஒரு மனிசனையும் பிடிச்சிட்டியோ என்று மனதுக்குள் சண்டை பிடித்தாள். சட்டி பானை எல்லாம் அன்று வழமைக்கு மேலாகச் சத்தம் போட்டன. பிரகலாதன் ஒன்றும் கேட்கவில்லை. அவன் எங்கே கேட்டான்?

மீனாம்பிகையிடம் போய்ச் சொன்னாள். பொறாமை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால், “மச்சாள், எருக்கலை இன்னும் நிக்குது, எனக்குப் பயமாக் கிடக்கு” என்று சொன்னாள். மீனாம்பிகை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

“ஐயோ, உவனுக்கு விசரே! அது நிக்கிற வரைக்கும் நீ மூண்டாவதோ நாலாவதோ? வா, சாத்திரியாரைக் கேப்பம்.”

சிவக்கொழுந்துச் சாத்திரியாருக்கு அன்று நல்ல முசுப்பாத்தி, பகிடியான மனநிலை. முதலில் எருக்கலையின் பெருமையை எடுத்துவிட்டார். “சும்மா பற்றை எண்டு நினைக்காதை பிள்ளை. அருக்கன் எண்டா சூரியன். அவன்ரை பேர்தான் அதுக்கும் பேர். சூரியன்ரை பெட்டை, அவன்ரை மகள் எண்டுதான் அதுக்குத் தாலி கட்டுறது. பிள்ளையாருக்கு உகந்த மாலை அது. முழங்கால் வீக்கத்துக்கு இலையை வாட்டிக் கட்டினா வத்திப்போம். தை மாதம் ரதசப்தமிக்குத் தலையிலை வைச்சு முழுகிறதும் அந்த இலைதான்.”

“எங்கடை ஊரிலை அது முளைச்சா வீடு பாழ் எண்டுதானே சொல்லுறது?” என்று தயாளினி விடவில்லை.

“அதுவும் சரிதான். ஆக்கள் இல்லாத இடத்திலை நிக்கும். அதுதான் அதின்ரை குணம். ஆக்கள் எல்லாம் போனாப் பிறகும் அது நிக்கும்.” சாத்திரியார் கொஞ்சம் யோசித்தார். “வெட்டாமல் விட்டது பிழைதான். இப்ப பாத்தால் அவ உமக்கு மூத்தவ.”

வரும் வழியெல்லாம் தயாளினியின் காதுக்குள் அந்த ஒரு சொல்தான் நின்றது. செத்துப்போவாள் என்று சொல்லியிருந்தால் கூட இவ்வளவு கோபம் வந்திராது. மூத்தவ! சூரியன்ரை பெட்டையாம்! இவளோ வாடகை வீட்டில் வளர்ந்தவள், அண்ணையின் பெண்சாதியிடம் ஏச்சு வாங்கிச் சாப்பிட்டவள். எப்படிப் பார்த்தாலும் அந்த எருக்கலைக்காரியே ஒரு படி மேலே நின்றாள்.

அடுத்தநாள் விடிய, கணவன் போன கையோடு இவளும் போய், வாழைகளுக்குப் பின்னால் ஒளித்து நின்றாள். கட்டின மனிசன் கதைப்பதைக் கேட்க வாழைக்குப் பின்னால் நிற்கவேண்டிய நிலைமை.

பிரகலாதன் தண்ணீரை ஊற்றிவிட்டு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தான். “மற்றப் பாத்திக்குப் புழு பிடிச்சிட்டுது, தெரியுமே. மருந்து அடிக்கவேணும். இந்தக் கடைவாய்ப் பல்லு வேறை கொல்லுது. ராத்திரி முழுக்க ஒரே கொதி. நித்திரையே இல்லை. நீ ஏன் பேசாமல் இருக்கிறாய், உனக்கென்ன, பல்லே சொத்தையே” என்று சொல்லிச் சிரித்தான்.

அவளுக்கு நீ! இவளுக்கு நீர்!

பல்லுக்கொதியாம். ஒரே கட்டிலில் பக்கத்தில் படுத்தவளுக்கு அது தெரியாது. எருக்கலைக்குத் தெரியும். தயாளினி வீட்டுக்கு வந்து அழுதாள். அழுது முடிய ஒரு கெட்ட புத்தி வந்தது. பருத்தித்துறை வடை சுட்டாள். உளுந்து குறைத்து, மா கூட்டி, கல்லுப்போல முறுகச் சுட்டாள். பின்னேரம் தட்டு நிறைய வைத்தாள். ஐயோ பல்லு என்று ஒரு சொல் சொல்லட்டும், உடனே கிராம்பு எண்ணெய் எடுத்துக்கொண்டு ஓடிவருவேன், மடியில் படுத்தி வைத்துப் பார்ப்பேன் என்று காத்திருந்தாள்.

அவன் ஒரு வடையைக் கடித்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது. மென்றான். விழுங்கினான்.

“எப்பிடி இருக்கு?”

“நல்லாயிருக்கு” என்றான். இன்னொரு வடையையும் எடுத்துக் கடித்தான்.

அந்த இடத்தில்தான் தயாளினி முடிவு எடுத்தாள்.

பிரகலாதன் பீற்றூட் மூட்டைகளை லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போன காலையில், அவள் கத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். தாலிக் கயிற்றை முதலில் அறுக்கப் பார்த்தாள். கத்தியை வைத்தவள் திடுக்கிட்டு எடுத்தாள். தாலியை அறுத்தால் அது யாருக்குக் கூடாது? அவளுக்கும் இவளுக்கும் புருசன் ஒருவன்தானே! எருக்கலையிடம் அந்த ஒரு விசயத்தில் மட்டும் விட்டுக்கொடுத்தாள். கயிற்றைத் தொடாமல், அதற்குக் கீழே, அடித்தண்டில் ஓங்கி வெட்டினாள்.

பால் பீறிட்டது. எருக்கலம் பாலைப் பற்றித் தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. கண்ணில் படக்கூடாது என்று சொல்லித்தான் வளர்ப்பார்கள். தெரிந்து என்ன, ஆத்திரம் கண்ணை மறைத்தால்? முகத்தில் தெறித்ததைப் பால்பட்ட கையாலேயே துடைத்தாள். வியர்வையையும் அதே கையால் துடைத்தாள். எரியவில்லை, நோகவில்லை. அதனால் அவள் கவனிக்கவும் இல்லை. கடைசி வெட்டோடு எருக்கலை சரிந்தது, தாலியும் பட்டுமாக. தயாளினி கிணற்றுக்கட்டில் ஏறி இருந்து மூச்சு வாங்கினாள். அவ்வளவு சந்தோசம். இனிக் கதைக்கட்டும் பார்ப்பம், என்னை விட்டால் ஆர் இருக்கினம் என்று வாய்விட்டே சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் யாரோ சருகு கொளுத்துகிறார்கள் என்று நினைத்தாள். தோட்டம் முழுக்கப் புகையாய்த் தெரிந்தது. மணம் ஒன்றும் இல்லை. கண்ணைக் கசக்கினாள், புகை இன்னும் கூடியது. தண்ணீர் அள்ளிக் கழுவினாள். வாழை எது, வேலி எது என்று தெரியவில்லை. அப்போதுதான் விளங்கியது. அசைந்தால் கிணற்றுக்குள் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில், தட்டுத்தடவி, வெட்டின அடிக்கட்டைக்குப் பக்கத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டாள்.

வெயில் ஏறியபோது லாண்ட்மாஸ்ரர் சத்தம் வந்து நின்றது. காலடி கிட்ட வந்தது. பிறகு நின்றுவிட்டது.

“ஆர் வெட்டினது?”

“நான்தான்.”

அவன் ஏசவில்லை. பொத்தென்று நிலத்தில் குந்துகிற சத்தம் மட்டும் கேட்டது. கண் தெரியாமல் இருக்கிற அந்த நேரத்திலும் தயாளினிக்கு மனம் கொதித்தது. முதல் அவளைத்தானே பார்த்தான்! என்னைப் பார்க்கவில்லையே!

“எனக்குக் கண் தெரியேல்லை” என்றாள்.

அவன் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் ஓடிவந்தார்கள். அந்த மனிசனுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று அவளுக்கு அன்றுதான் தெரியும்.

யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் கண்ணைத் திரும்பத் திரும்பக் கழுவி, மருந்து விட்டு, இரண்டையும் கட்டிவிட்டார்கள். பார்வை திரும்பும், கொஞ்ச நாள் பொறுக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். தயாளினி வாட்டில் இருட்டுக்குள் இருந்தாள். அடுத்தநாள் பார்வையாளர் நேரத்துக்கு மீனாம்பிகை பழங்களோடு வந்தாள். பிரகலாதன் கட்டில் பக்கத்துக் கதிரையில் இருக்கிறான் என்பது அவனுடைய சீனட்டி வாசத்தில், அவன் சப்புகிற புகையிலையில், அவளுக்குத் தெரிந்தது.

“கண் சுகம் வந்திடும். அதுக்கு யோசியாதை” என்றாள் மீனாம்பிகை. “எப்பிடியோ உது செத்துத் துலைஞ்சுது. மூண்டாவதின்ரை கணக்கு முடிஞ்சுது. இவன் அண்டைக்கே வெட்டியிருந்தா இவ்வளவும் வந்திராது.”

“வாயை மூடு அக்கா.”

பிரகலாதன்தான். மீனாம்பிகை திகைத்துப்போனாள். அவளுடைய தம்பி அவளை எதிர்த்துக் கதைத்தது அதுதான் முதல் தரம்.

“ரெண்டு பேருக்குக் கொள்ளி வைச்ச கை இது. மூண்டாவதா ஒண்டுக்குத் தாலியைக் கட்டிப்போட்டு, அந்த ஈரம் காயமுந்தி அதைக் கொத்தச் சொல்லுறியள். கொத்திப்போட்டு வந்து இவவுக்குக் கட்டச் சொல்லுறியள். நான் என்ன கசாப்புக்காரனே? முகூர்த்தத்துக்கு நேரமாச்சுது எண்டது பொய். எனக்குக் கை வரேல்லை.” அவன் மூச்சு வாங்கினான். “பேந்து யோசிச்சன். அது லேசிலை சாகிற சாமான் இல்லை. கோடைக்கும் சாகாது, மழைக்கும் சாகாது. சாகாத ஒண்டு எனக்குப் பெண்சாதியா நிண்டுகொண்டிருந்தா, சாவு வந்து பாத்திட்டுத் திரும்பிப் போயிடும், இவவைத் தொடாது எண்டு நினைச்சன். அதுக்குத்தான் தண்ணி ஊத்தினனான்.”

மீனாம்பிகை தோடம்பழத்தை உரித்து வைத்துவிட்டு எழும்பிப் போனாள்.

தயாளினிக்கு எத்தனையோ கேள்வி நாக்கின் நுனிவரை வந்தது. அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை? பல்லுக்கொதியை அதுக்குச் சொன்னீங்கள், எனக்கேன் சொல்லேல்லை? வாயைத் திறக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். கேட்டால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். ஓம், இல்லை, போதும். எருக்கலை என்ன செய்தது? ஒன்றும் கேட்கவில்லை. பேசாமல் நின்றது. சரி, நானும் நிற்கிறேன் என்று வீம்போடு வாயை இறுக்கிக்கொண்டு இருந்தாள். கண் கட்டியிருந்தது அதற்கு வசதியாய்ப் போயிற்று.

வெகுநேரம் கதிரை கிரீச்சிட்டது. பிறகு மெல்லிய குரலில் ஆரம்பித்தான்.

“பல்லைப் பிடுங்கிப்போட்டன். இஞ்சை கீழ்மாடியிலை பல்லு டொக்டரிட்டைப் போனனான். உம்மடை வடையோடை அது அரைவாசி ஆடிப்போச்சு.”

அவள் அசையவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கினாள்.

“உம்மளோடை நான் கதைக்கிறேல்லை எண்டு கோபம், என்ன?” அவன் குரல் இன்னும் தாழ்ந்தது. “யோகமலரோடை நான் விடிய விடியக் கதைச்சனான். வன்னியிலை, மரத்துக்குக் கீழை, அந்தக் காய்ச்சலோடையும் கதைச்சுக்கொண்டுதான் இருந்தது அது. சுபாஜினியோடையும் அப்பிடித்தான். தோட்டத்துக் கதை, ஊர்க்கதை, ஒண்டு விடாமல். ரெண்டு பேரும் போனாப் பிறகு, எனக்குக் கதைக்க வந்ததெல்லாம் தொண்டைக்குள்ளை நிண்டுது. என்னோடை கதைச்ச ஆக்கள்தானே செத்துப்போட்டுதுகள். உம்மளோடையாவது கதையாமல் இருப்பம், அப்ப நீர் இருப்பீர் எண்டு...”

மிச்சத்தை அவன் சொல்லவில்லை. தயாளினி கட்டுக்குள்ளால் கண்ணீர் வராமல் இருக்கப் பாடுபட்டாள், மருந்து கரைந்துவிடும் என்று நேர்ஸ் சொல்லியிருந்தாள். அழுகைக்கு நடுவிலும் ஒரு முள் குத்தத்தான் செய்தது. விடிய விடியக் கதைத்தானாம், அவர்களோடு. மாலை கட்டிப் போட்ட கைக்கு இப்போதுதான் உண்மையாகப் பொறாமை வந்தது. அவளுக்குக் கிடைத்தது ஓமும் போதுமும். அவளை உயிரோடு வைத்திருக்க அவன் கொடுத்த சாப்பாடு அதுதான் என்றால், அப்படி இருந்து என்ன செய்ய?

கட்டு அவிழ்த்தபோது பார்வை வந்தது. ஓரங்களில் மட்டும் கொஞ்சம் மங்கல் இருந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்த இடத்தில் பிரகலாதன் திரும்பவும் ஊமையாகிவிட்டான். அவளுடைய கண் திறந்திருந்தது, அவனுடைய வாய் மூடிக்கொண்டது.

அடுத்தநாள் விடிய அவனுக்கு முன்னாலேயே தயாளினி தோட்டத்துக்குப் போனாள். எருக்கலையின் அடிக்கட்டை வாய்க்கால் கரையில் நின்றது. குனிந்து பார்த்தாள். வெட்டின இடத்துக்குக் கீழே, பக்கவாட்டில், வெள்ளை மா தூவின மாதிரி இரண்டு துளிர் தலைநீட்டியிருந்தது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலே. நுள்ளி எறியக் கையை நீட்டினாள். பாலை நினைத்து இழுத்துக்கொண்டாள். வரப்பில் செருப்புச் சத்தம் கேட்டது. துளிரைக் கண்டால் அவன் திரும்பவும் அதோடுதான் கதைப்பான். கட்டைக்கு முன்னால் முதுகு காட்டிக் குந்தினாள். சீலைத் தலைப்பை விரித்துத் துளிரை மறைத்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

பிரகலாதன் வந்து நின்றான். பழக்கதோசத்தில் கையில் வாளி.

“என்ன, கண் நோகுதோ?”

“இல்லை. சும்மா இருக்கிறன். நீங்கள் கதையுங்கோ.”

அவன் வாளியை மற்றக் கைக்கு மாற்றினான். “பயமாக் கிடக்கு” என்றான்.

“எல்லாரும் ஒருநாள் சாகிறதுதான். நீங்கள் கதையாமல் விட்டா மட்டும் நான் சாகாமல் விட்டிடுவனே? சாகிற அண்டைக்கு அதைப் பாப்பம். இப்ப கதையுங்கோ. நான் ஒண்டும் கேக்க மாட்டன், பாக்கவும் மாட்டன்.”

வாளியை நிலத்தில் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. அதில் அவன் இருக்கிற சத்தமும் கேட்டது. தொண்டையைச் செருமினான்.

“மற்றப் பாத்திக்கும் புழு பிடிச்சிட்டுது, தெரியுமே” என்று தொடங்கினான்.

முதுகுக்குப் பின்னால் துளிர் சீலையில் உரசிக்கொண்டு நின்றது. தயாளினி கண்ணைத் திறக்காமலே, இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி இருந்தாள்.